திறன் வேறு, யூனிட் வேறு

(சென்னையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நிலக்கரி மின்சாரத்தை விட்டு நாடு விலகும் வேகம் போதுமா, போதாதா? 'போதாது' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, வணக்கம்.

எதிரணி நண்பர் சொன்ன கணக்கு உண்மை. நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி இன்று நிலக்கரியும் எரிவாயுவும் சாராதது. 2030-ல் தொட வேண்டிய இலக்கை 2025-லேயே தொட்டுவிட்டோம். அவர் சொன்னபோது நானும் சேர்ந்துதான் கைதட்டினேன்.

ஆனால் திறன் வேறு, யூனிட் வேறு. திறன் என்பது உற்பத்தி செய்ய முடிகிற அளவு, யூனிட் என்பது நிஜமாக உற்பத்தியான அளவு. வீட்டில் நாலு பேர், நாலு பேருக்கும் வேலை இருக்கிறது. அதில் இரண்டு பேருக்கு வெயில் அடித்தால், காற்று வீசினால், மழை பெய்தால்தான் கூலி. அப்படியானால் மாதம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிவது யார் சம்பளத்தில்? இந்தியாவில் உற்பத்தியாகும் 100 யூனிட்டில் ஏறக்குறைய 70 இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது ஐயா.

நம்ம ஊருக்கே வருவோம். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினோம். அது 450 மெகாவாட். பக்கத்திலேயே அத்திப்பட்டில் 2024 மார்ச்சில் 800 மெகாவாட் புதிய அலகைத் திறந்தோம். அதுவும் நிலக்கரிதான். புதிய தொழில்நுட்பம், யூனிட்டுக்கு நிலக்கரி குறைவாகச் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாம்பல் சாம்பல்தானே? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். சேற்றோடு சேறாகச் சாம்பல் படிந்து கிடக்கிறது. கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரலில் முதலில் தட்டுவது அதுதான். நாம் ராத்திரி ஏசி போட்டுக்கொண்டு தூங்குவதற்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை.

"2012 மின்வெட்டை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். மறக்கவில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே. அதே 2012-ல் பிரிட்டனில் 100 யூனிட்டில் ஏறக்குறைய 40 நிலக்கரியில் வந்தது. 1882-லேயே லண்டனில் நிலக்கரி மின் நிலையம் வைத்த நாடு அது. 2024 செப்டம்பர் 30-ல் கடைசி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அவர்களுக்கு எரிவாயு கைகொடுத்தது, மின் தேவையும் ஏறவில்லை. நமக்கு அந்த இரண்டுமே இல்லை. அதனால் பன்னிரண்டே வருடத்தில் முடியுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ராத்திரியைப் பற்றி. மே மாதம், சாயங்காலம் ஆறரை மணி. சூரியத் தகடுகள் ஓய்ந்துவிட்டன, வீட்டுக்கு வீடு ஏசி ஓடத் தொடங்குகிறது. பகலில் மிஞ்சிய மின்சாரத்தை அந்த நேரத்துக்கு எடுத்து வைத்திருந்தால், அத்தனை நிலக்கரிக் கொதிகலன்களை நம்பி நிற்க வேண்டாமே!

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம், 400 மெகாவாட், 1987-லிருந்து இயங்குகிறது. கீழே உள்ள மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அன்று ராத்திரியில் மிச்சமான மின்சாரத்தில் ஏற்றினோம். இன்று பட்டப்பகல் வெயிலிலேயே ஏற்றலாம்.

வேகம் போதும் என்று சொல்லும் எதிரணிக்கு ஒரே கேள்வி. அத்திப்பட்டில் 800 மெகாவாட் நிலக்கரி அலகைத் திறந்த அன்றைக்கு, நீலகிரியில் குந்தா நீரேற்று மின் நிலையத்தின் 500 மெகாவாட் இன்னும் கட்டுமானத்தில்தான் இருந்தது. இரண்டில் எது முதலில் முடிந்திருக்க வேண்டும்?