கேமராவுக்குத் தெரியாத வயிற்றுப்போக்கு

[காட்சி: விடியாத நேரம். தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். அதன் வாசலில் இருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் படிகளில் இறங்கிப் போகிறது.]

எங்கள் டிவிசனில் ஒரு அத்தை. 63 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து, முழங்கால் தேய்ந்து, வீட்டோடு இருப்பவர். ராத்திரியில் மூன்று தடவை, நான்கு தடவை எழும்பி டோர்ச்சைத் தேடுவார். எங்கள் லயத்தில் கக்கூஸ் காம்பராவுக்குள் இல்லை. படி இறங்கிப் போகவேண்டும். மழை நாள் என்றால் அட்டையும் சேர்ந்து வரும்.

"தண்ணியாத்தான் போகுது தம்பி. ரத்தம் இல்ல, சளி இல்ல. பீலித் தண்ணி மாதிரி."

இப்படி நான்கு மாதம்.

டிஸ்பென்சரியில் முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், அப்புறம் கிருமிக்கு. அதில் பிழை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் வயிறு போனால் முதலில் குடிக்கிற தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மலத்தைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் செய்தாயிற்று.

[காட்சி: கேமராவில் தெரியும் பெருங்குடல். இளஞ்சிவப்பு, வழுவழுப்பு. புண் இல்லை, கட்டி இல்லை.]

ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை: நோர்மல்.

அத்தை என்னிடம் கேட்டார்: "அப்ப வருத்தம் என் மனசுலயா?"

மனசில் இல்லை. குடலில்தான். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்பார்கள். பெருங்குடலில் வரும் அழற்சி, ஆனால் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் தடவை கேமராவை விட்டவர்கள் குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கவே இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். இரண்டாம் தடவை வேறு ஒரு டாக்டர், பெருங்குடலின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று பல இடங்களில் துணுக்கு எடுத்தார். மலவாசலுக்குப் பக்கத்தில் மட்டும் எடுத்தால் இந்த நோய் தப்பிவிடக்கூடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

[காட்சி: தேயிலை இஸ்டோர், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலை. கம்பி வலைமேல் பரப்பிய பச்சைக் கொழுந்து, கீழிருந்து காற்று.]

இஸ்டோருக்குள் போனவர்களுக்குத் தெரியும். கொழுந்தை வலைமேல் பரப்பி, கீழே காற்று விட்டு ஈரத்தை இழுப்பார்கள். பெருங்குடல் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரு நாளைக்குச் சுமார் 1.5 லீற்றர் நீர் அதற்குள் வந்து சேர்கிறது. மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிலீற்றர் அளவுதான். மிச்சத்தை உப்போடு சேர்த்துக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வலை அடைபட்டால்? ஃபேன் ஓடும், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், கொழுந்து மட்டும் வாடாது.

அந்த அடைப்பு இரண்டு விதம். ஒன்றில் குடல் தோலுக்குக் கீழே கொலாஜன் என்ற நார்ப் படலம் தடிக்கிறது. சாதாரணமாக அது மிக மெல்லியது. 10 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் நோய், அதாவது ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிளந்தால் வரும் ஒரு பங்கு. கேமராவுக்கு இது எப்படித் தெரியும்? 1976இல் சுவீடனைச் சேர்ந்த லிண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர்தான் இந்த விதத்தை முதலில் விவரித்தார். மற்ற விதத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் மேல்தோலுக்குள் புகுந்து நெருக்குகின்றன. மேல்தோல் செல் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் லிம்போசைட்டிக் கொலைட்டிஸ் என்று பெயர் வைப்பார்கள். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் அறுபதை ஒட்டிய, அதைத் தாண்டிய பெண்களுக்கு. ஆண்களுக்கும் இளையவர்களுக்கும் வராது என்றில்லை.

தொடக்கம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் தேதியே சொல்வார்கள்: "தீபாவளிக்கு மறுநாள் காலையில." சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தது நிற்கவே இல்லை. சிலருக்கு மெதுவாக, நாளுக்கு இரண்டு, மூன்று, ஆறு என்று கூடிக்கொண்டு போகும். அவசரம் தாங்காது, சில நேரம் அடக்கவும் முடியாது. வேலையில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மலைக்கு ஏறினால் சுற்றிலும் தேயிலைதான். இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு நிற்கும் பெண் அந்த அவசரத்துக்கு எங்கே ஓடுவாள்? பகலில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். வயிறு போகும் ஆள் தண்ணீரையும் நிறுத்தினால் மயக்கம்தான் மிச்சம்.

இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்புவது ஒரு முக்கியமான துப்பு. பதற்றத்தில் வயிறு கலங்குகிறவர்களை அது பெரும்பாலும் தூங்க விட்டுவிடும். இது விடாது.

[காட்சி: மேசையில் ஒரு சிலிசிலி (பொலித்தீன்) பேக். அதற்குள் வெள்ளைக் கடதாசி உறைகள்.]

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த இரண்டாவது டாக்டர் கேட்டது, "என்ன சாப்பிட்டீங்க?" என்றல்ல. "இது தொடங்கறதுக்கு முந்தின மாசங்கள்ல என்ன மருந்து புதுசா சேர்ந்துச்சு?" என்று. அத்தை பேக்கை மேசையில் கவிழ்த்தார். உறைகளில் "காலை 1, இரவு 1" என்று பேனாவால் கிறுக்கியிருந்தது. மருந்தின் பெயர் ஒன்றிலும் இல்லை. பாமசிக்குப் போன் பண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக். அது வயிற்றை எரிக்கிறது என்று ஓமெப்ரசோல். நம் ஊரில் இது ஜோடிக் குளிசை. மலை ஏறி இறங்கின கால்கள் உள்ள எந்த லயத்திலும் இந்த ஜோடி இருக்கும். இந்த நோயோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் மருந்துகளில் இரண்டு இவைதான். டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் மாதிரியான வலிக் குளிசைகள் குடல் தோலின் காவலைத் தளர்த்துகின்றன. ஓமெப்ரசோல், லான்சோபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவை மாறுகிறது. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும், கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டாட்டினும் பட்டியலில் உண்டு. மருந்தோடு நில்லாமல் சிகரெட்டும் சேரும். புகைப்பவர்களுக்கு இந்த நோய் பல வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

ஆனால் சேர்ந்து காணப்படுவது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு. வயிறு போகிற ஆள் டாக்டரிடம் அடிக்கடி போவார், போகிறவருக்கு மருந்தும் கூடும். அதனால்தான் இந்தத் தொடர்பு பெரிதாகத் தெரிகிறதோ என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் குளிசையை நீங்களே நிறுத்தாதீர்கள். இதயத்துக்கோ மனசுக்கோ போடும் மருந்தைத் திடீரென்று விடுவது பேதியை விட ஆபத்து. பேக்கை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோங்கள். எதை மாற்றலாம் என்று டாக்டர் சொல்லட்டும்.

இன்னொன்று, ரொட்டி. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் இல்லாமல் நம் வீடுகள் ஏது? கோதுமையில் உள்ள குளூட்டனுக்கு உடம்பு எதிர்க்கும் சீலியக் நோய், இந்த நோய் உள்ளவர்களிடம் மற்றவர்களை விட அதிகம். அதற்கு ஒரு இரத்தச் சோதனை இருக்கிறது. அதைச் செய்யும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்திவிட்டுச் சோதித்தால் முடிவு ஏமாற்றும். தைரொயிட் கோளாறு, மூட்டுவாதம் உள்ளவர்களிடமும் இந்த அழற்சி சற்றுக் கூடுதல்.

சிகிச்சை இருக்கிறது. பூடெசோனைட் என்ற மருந்து, வழக்கமாக நாளுக்கு 9 மில்லிகிராம், ஆறிலிருந்து எட்டு வாரம். பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும். நிறுத்தியதும் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருவதும் உண்டு. இது புற்றுநோயாக மாறாது. ஆனால் இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ வேறு நோயையும் தேடவேண்டும்.

[காட்சி: அதே லயம், இரவு. வாசல் இருட்டாகவே இருக்கிறது.]

அத்தைக்கு முழங்கால் மருந்தை டாக்டர் மாற்றினார், ஓமெப்ரசோலை நிறுத்தினார், பூடெசோனைட் எட்டு வாரம் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை திரும்பவும் வந்தது. இப்போது டோர்ச் பெட்டரி மாற்றி நாளாச்சு என்கிறார். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. குளிசை தரும்போதெல்லாம் பாமசிக்காரரிடம், "பேரை உறையில எழுதுங்க" என்று நின்று வாங்கி வருகிறார்.