சினை ஊசிக்கு முந்தைய மூன்று மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பால்மாடு வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "எத்தனை தடவை ஊசி போட்டும் சினை நிக்கல" என்பது. ஊசி என்றால் சினை ஊசி, அதாவது காளையின் விந்தைப் பசுவுக்குச் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல். பழி உடனே ஊசி போட்டவர் மீது விழும், இல்லையென்றால் காளை மீது. கால்நடை மருத்துவராக நான் விடாமல் சொல்லிவருவது, பசுவின் கருமுட்டையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்பதுதான்.

இன்று பசு விடும் முட்டை இன்று உருவானதல்ல. சினைப்பையில் அது வளரத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த நாட்களில் பசுவின் ரத்தத்தில் ஹார்மோன்கள் எப்படி இருந்தனவோ, அதைப் பொறுத்தே முட்டையின் தரமும் அமையும். கரு உண்டான பிறகும் பாருங்கள், 8 முதல் 16 செல்லாகும் வரை அது பெரும்பாலும் முட்டைக்குள் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் வாழ்கிறது. அது போதாவிட்டால் கரு பாதி வழியில் நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 21 நாள் வாக்கில் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கலப்பினப் பசு அப்படித்தான் இருந்தது. "நல்லாத்தானே கறக்குது டாக்டர், அப்புறம் என்ன குறை?" என்று அந்த அம்மா கேட்டார். அந்தக் கறவையில்தான் விஷயமே இருக்கிறது. கன்று ஈன்ற புதிதில் மாடு தின்பதைவிடப் பாலில் போவது அதிகம். உடம்பு இளைக்கும், இன்சுலின் குறையும், முட்டை வளரும் நீர்ப்பைகள் தளரும். இன்னொன்றும் உண்டு. நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்னும், அப்போது கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அது சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் குறைந்தால் மூளையடியிலிருந்து, நீர்ப்பையை வளர்க்கும் எல்.எச். என்ற ஹார்மோன் அடிக்கடி சுரக்கும். நீர்ப்பை வெடித்து முட்டை வெளிவராமல் அதற்குள்ளேயே நாள்கணக்கில் தங்கி, நேரத்துக்கு முன்பே முதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட முட்டையில் கரு பிடித்தாலும் பெரும்பாலும் நிலைக்காது.

அந்த அம்மாவிடம் ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொன்னேன். அடர்தீவனம், தாது உப்பு, பசுந்தீவனம் எல்லாவற்றையும் சீராக்கினோம். உடம்பு தேறிய பிறகு போட்ட ஊசியில் சினை நின்றது. ஒரு மாட்டை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடியும் சொல்கிறேன், ஊசி போடும் நாளைவிட அதற்கு முந்தைய மாதங்கள் முக்கியம்.

கரு வளர்ந்த பிறகு தாய்க்கு அது ஒரு செய்தி அனுப்பும். சுமார் 16ஆம் நாளில் இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, 'நான் இருக்கிறேன், பருவத்துக்கு வராதே' என்று தெரிவிக்கும். கரு சிறுத்திருந்தால் அந்தச் செய்தி போதாமல் போகும், சினையும் கலைந்துவிடும்.

வெயிலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கரு வெப்பத்தைத் தாங்காது, மாட்டை நிழலில் கட்டி நிறையத் தண்ணீர் காட்டுங்கள். கோடையில் வாடிய முட்டைகள் வெயில் தணிந்த பிறகும் சில வாரங்கள் வந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் சினை பிடிக்கவில்லை என்று மாட்டை விற்றுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.