புரட்டாசிக்குள் ஒரு தடவை கரையில் நடங்கள்

(பாலமேடு பக்கம் நடந்த ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அணை, கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்கள், கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மதுரைக்காரர்களிடம் அணை என்று சொன்னால் வைகையும் முல்லைப் பெரியாறும்தான் ஞாபகத்துக்கு வரும். வைகையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் தகவல் போய்விடும். பெரியாற்றில் தண்ணீர் 142 அடியை நெருங்கினால் இரண்டு மாநிலமும் விழித்திருக்கும். இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் சிறுமலையிலும் வகுத்துமலையிலும் பெய்கிற மழையை வாங்கி நிறுத்துகிற நம் சாத்தையாறு அணையும், அதற்குக் கீழே வரிசையாக இருக்கிற கண்மாய்களும் ஒரு ராத்திரியில் நிரம்பினால் எந்த டிவியில் ஓடும்? மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடும். யோசிக்க அவகாசம் இருக்காது. சின்ன அணைக்குத்தான் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 49 அடிக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் அதில் வரும். 10 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை உள்ளவை சில நிபந்தனைகளோடு வரும். கரை 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டராவது இருக்க வேண்டும், இப்படிச் சில. நம் கணக்கில் அந்தக் கொள்ளளவு 35 மில்லியன் கன அடி. இப்படிச் சட்டத்துக்குள் வருகிற அணைகளின் பட்டியலில் இருக்கிற அணையை அதன் உரிமையாளர் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தே ஆக வேண்டும். வெள்ளம் வந்தால் அப்போதும் பார்க்க வேண்டும். அணை உடைந்தால் யாரை எப்படி வெளியேற்றுவது என்ற அவசரகாலத் திட்டமும் வேண்டும். சட்டம் வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பருக்குள், அந்தத் திட்டமும் முழுமையான முதல் பாதுகாப்பு மதிப்பீடும் முடிய வேண்டும்.

10 மீட்டருக்குக் கீழே? அங்கே இந்தச் சட்டம் பேசவில்லை. 30 மில்லியன் கன அடி பிடிக்கிற ஒரு குட்டைக் கரை கண்மாயை நினைத்துப் பாருங்கள். அதில் நிற்பது 85 கோடி லிட்டர். எடை எட்டரை லட்சம் டன். அதற்குக் கீழே வீடு கட்டியிருக்கிறவருக்கு அந்தக் கரை எத்தனை மீட்டர் உயரம் என்பதில் என்ன இருக்கிறது?

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனியுங்கள். நாம் அணையை அடிக்கணக்கில் சொல்வோம். சாத்தையாறு 29 அடி என்கிறோம். வைகையை 71 அடி என்கிறோம், அது தண்ணீர் நிற்கிற அளவு. அந்த அணையின் உயரம் 111 அடி. சட்டம் கேட்கும் உயரம் அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அணையின் உச்சிவரை. ஆகையால் ஊரில் சொல்கிற அளவை வைத்து ‘நம் அணை சட்டத்துக்குள் வராது’ என்று யாராவது சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டியலில் நம் அணை இருக்கிறதா, என்ன உயரம் எழுதியிருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி கரைக்கு வருவோம். நான் அதிகம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

மண் கரை பெரும்பாலும் இரண்டு விதத்தில் போகும். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. கலுங்கு எதற்காக இருக்கிறது? கூடுதல் தண்ணீர் கல்கட்டின் மேல் பாதுகாப்பாக மறுகால் போவதற்கு. நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? இன்னும் ஒரு அடி தேங்கட்டும், இன்னொரு தண்ணீர் பாய்ச்சலாம் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டையும் பலகையும் வைத்து அடைக்கிறோம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பயிர் காய்வதைப் பார்த்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி வீணான இடம் இல்லை. பெருமழை ராத்திரிக்காக விட்ட இடம் அது. மழை வலுத்தால் இருட்டில் அந்த மூட்டையை யார் போய் எடுப்பது?

இரண்டாவது கசிவு. கசியாத மண் கரை உலகத்தில் இல்லை. தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கலங்கலாக வந்தால் கரையின் மண் கரைந்து வெளியே போகிறது என்று பொருள். வெளிச்சரிவில் தொடங்கிய சின்னத் துளை, மண்ணைத் தள்ளித் தள்ளி, தண்ணீர் நிற்கிற பக்கமான உள்வாயை நோக்கி வளரும். அது தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் சில மணி நேரம்தான். வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடைக்குழாயை ஒட்டி மண் சேருகிற இடத்தில்தான் இது அதிகம். எலி வளை, நண்டு வளை, வெட்டிப் போட்ட சீமைக்கருவேலத்தின் மட்கிப்போன வேர் விட்ட பாதை, எல்லாம் தண்ணீருக்கு வழிதான். கருவேலத்தை அழிக்க வேண்டும், சரி. ஆனால் கரையில் நிற்பதை வெட்டிவிட்டு வேரை மட்கவிடுவது பாதி வேலை. தண்ணீர் இல்லாத காலத்தில் வேரைத் தோண்டி எடுத்து, குழியில் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, மண்ணை இறுக்குகிற திம்ஸ் கட்டையால் அடிக்க வேண்டும்.

கலங்கல் கசிவைக் கண்டால் ஓடிப்போய்க் களிமண்ணைப் போட்டு வாயை அடைக்காதீர்கள். இங்கே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி தேடும். கசிவின் மேல் மணல், அதன் மேல் ஜல்லி பரப்புங்கள். தண்ணீர் வெளியே வரட்டும், மண் வரக்கூடாது. அதே நேரத்தில் பொறியாளருக்கும் தாசில்தாருக்கும் போன் போக வேண்டும், கீழே இருக்கிற தெருக்களுக்கு ஆள் போக வேண்டும்.

2019 ஜூலை 2 ராத்திரி, மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவாரே அணை உடைந்தது. சிறு பாசனத்துக்குக் கட்டிய மண் அணை. கீழே இருந்த குடியிருப்பில் இருபது பேருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டார்கள். கசிவு இருக்கிறதென்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு நண்டுகள்தான் காரணம் என்று ஒரு மந்திரி பேசினார். நண்டு எல்லாக் கரையிலும் இருக்கிறது ஐயா. அதைப் போய்ப் பார்க்கத்தானே ஆய்வு என்று ஒன்று இருக்கிறது?

ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் 2021 நவம்பர் 19 அன்று அன்னமய்யா அணையின் மண் கரை போனது. அங்கே ஐந்து ஷட்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. மேலே பிஞ்சா அணையின் கரை உடைந்து வந்த வெள்ளமும் சேர்ந்துகொண்டது. மேல் அணை போனால் கீழ் அணை தாங்காது. நம் கண்மாய்களும் ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்குப் போகிற மாதிரித்தான் அமைந்திருக்கின்றன. ஆகவே, ‘எங்கள் கண்மாய் நல்லா இருக்கு’ என்று ஒரு ஊர் மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது.

முன்பெல்லாம் நீர்பாய்ச்சியும் மடைக்காரரும் தினமும் கரையில் நடந்தார்கள். எந்த இடம் எப்போது ஊறும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வேலையின் பாரம் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்தான் விழுந்தது. உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீருக்குள் மூழ்கி மடை திறந்தவருக்குக் களத்தில் கொஞ்சம் நெல் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. அந்த முறை அப்படியே திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கண்கள் போன இடம் காலியாகவே கிடக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்திருக்கிறார்கள். காகிதத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு அலுவலகம் உண்டு. கரையில் நடப்பதற்கு ஆள் வேண்டும். கரையையும் மடையையும் பார்த்துக்கொள்கிற லஸ்கர் பணியிடங்களை முறையான சம்பளத்தோடு நிரப்பச் சொல்லி நாம் உரக்கக் கேட்க வேண்டும். மடையைக் காக்கிற சாமி மடைக்கருப்புக்குக் கிடா வெட்டுகிறோம், செய்யுங்கள். காலை நேரத்தில் அந்த மடையை ஒருவர் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். எனவே மழைக்கு முந்தைய ஆய்வு புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். மே மாதம் பார்த்தோம் என்றால் அது நமக்கு உதவாது. துறைப் பொறியாளர் வரும்போது ஊரிலிருந்து நாலு பேர் கூடவே நடங்கள், பெண்களும் வாருங்கள். ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரிந்த ஊற்று பொறியாளருக்குத் தெரிந்திருக்காது. ஆய்வு அறிக்கையின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்பதை மழை வந்த பிறகு பார்க்காதீர்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னால் இதைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, தண்ணீர் மட்டம், எந்த இடத்தில் கசிவு, தெளிவா கலங்கலா, ஒரு பக்கெட் நிறைய எத்தனை நொடி. இவ்வளவு எழுதினால் போதும். போன வாரம் 60 நொடியில் நிறைந்த பக்கெட் இந்த வாரம் 20 நொடியில் நிறைந்தால் எந்த அதிகாரியும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அந்த நோட்டு எந்த ஊரில் யாரிடம் இருக்கும், அவர் வெளியூர் போனால் யார் எழுதுவது என்பதை இன்று கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.