பட்டியில் போன ஆடும் முன்னிருக்கையில் இருந்தவரும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில், சனிக்கிழமை இரவு, பட்டியிலிருந்து நான்கு வெள்ளாடுகள் திருட்டுப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். நேரில் கண்டவர் யாருமில்லை. விடிந்ததும் போச்சம்பள்ளிச் சந்தையில் ஒருவர் அவற்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். ஆடுகளின் காதில் உடையவர் வெட்டிய அடையாளமும், பழைய சேலையைத் திரித்துக் கட்டிய கயிறும் அப்படியே இருக்கின்றன. சரக்கு வண்டியை ஓட்டி வந்தவர் இன்னொருவர். மூன்றாமவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தவர். மூவரும் திருடர்கள்தானா?

திருட்டு நடந்த சில மணி நேரத்திலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்பதற்கு அவரால் விளக்கம் தர முடியாவிட்டால், அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு சொன்னதையே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவும் சொல்கிறது. 'அனுமானிக்கலாம்' என்பதே சட்டத்தின் சொல். அனுமானித்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆடு பல கை மாறி, மாதங்கள் கழித்துக் கிடைத்தால் அந்த அனுமானம் வலுவிழந்துவிடும்.

ஓட்டுநரின் நிலைதான் சிக்கலானது. பொது உட்கருத்தை, அதாவது எல்லோருக்கும் பொதுவான நோக்கத்தை, நிறைவேற்றப் பலர் சேர்ந்து குற்றம் செய்தால், ஒவ்வொருவரும் தாமே அதைச் செய்ததுபோல் பொறுப்பாவர் என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5)ஆம் பிரிவு. கல்கத்தா அஞ்சலகக் கொலை வழக்கில், வெளியே நின்றதாகச் சொன்னவரின் தண்டனையையும், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. ஆகவே பட்டிக்குள் கால் வைக்காததால் மட்டும் ஓட்டுநர் தப்பிவிட மாட்டார். நள்ளிரவில் விளக்கை அணைத்துப் பட்டியோரம் வண்டியை நிறுத்தியிருந்தாரா, முன்னும் பின்னும் மற்றவரோடு கைப்பேசியில் பேசினாரா என்பவை சான்றுச் சங்கிலியின் கண்ணிகள். விடியற்காலையில் வாடகைக்கு அழைக்கப்பட்டு வந்தவர் என்றால் கதையே வேறு.

மூன்றாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உடன் இருந்தார் என்பது மட்டும் உட்கருத்துக்குச் சான்றாகாது. அவர் காவலரிடம் ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டாலும், அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டுமே சான்றாகும். நேரில் கண்டவர் இல்லாதபோது சுற்றியுள்ள நிகழ்வுகளிலிருந்து கிடைக்கும் சூழ்நிலைச் சான்றுகள், குற்றத்தைத் தவிர வேறெந்த முடிவுக்கும் இடம் தராத முழுச் சங்கிலியாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1984இல், சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில், தெளிவாக வரையறுத்தது. ஊர் ஒன்றுகூடி 'மூணு பேரும் கூட்டுத்தான்' என்று சொல்வது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகக்கூட ஆகாது.

ஆடு வளர்ப்போர் ஒன்றைச் செய்யலாம். காது வெட்டு எந்தப் பக்கம், கயிறு எப்படிப்பட்டது என்பதை முதல் புகாரிலேயே எழுதிக் கொடுங்கள். ஆட்டைச் சந்தையில் பார்த்த பிறகு சொல்லும் அடையாளத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எளிதாக உடைத்துவிடுவார்.