வெங்காயத்துக்குள் இருக்கும் தண்ணீர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மொறுமொறுப்பான வெங்காய வளையங்களை வீட்டிலேயே பொரிப்பது எப்படி என்று பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் முயற்சிதான் நினைவுக்கு வந்தது. பஜ்ஜிக்கு மாவு கரைத்துப் பழகிய கை என்பதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, வெங்காயத்தை நறுக்கி, மைதாவைக் கரைத்து, தோய்த்துப் போட்டுவிட்டேன். எண்ணெயில் இருந்தவரை அவை பொன்னிறமாகவே இருந்தன. தட்டில் எடுத்து வைத்த ஐந்து நிமிடத்தில் மேல்மாவு துவண்டுவிட்டது. அக்கா மகன் ஒன்றைக் கடித்தபோது உள்ளே இருந்த வெங்காயம் முழுவதும் உருவிக்கொண்டு வாயோடு வந்துவிட, வெறும் மாவுக்கூடு அவன் கையில் நின்றது. மனையியல் ஆசிரியராகப் பள்ளியில் நான் கற்பித்த பாடங்களை அடுப்படியில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வைத்தது அந்த ஒரு மாலைதான்.

சோதித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். மொறுமொறுப்பு கெடும்போது நாம் மாவைக் குறை சொல்கிறோம், எண்ணெயைக் குறை சொல்கிறோம். உண்மையில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. 100 கிராம் வெங்காயத்தில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் மேல்மாவை நனைக்காமல் ஆவியாக வெளியேற வழி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பண்டம் எங்கே பிறந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் குறிப்பு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இங்கிலாந்துச் சமையல் நூலொன்றிலேயே உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1921-இல் தொடங்கிய பிக் ஸ்டாண்ட் என்னும் சாலையோர உணவகமும் இதற்கு உரிமை கொண்டாடியது. அமெரிக்கத் துரித உணவகங்களின் வழியாகத்தான் இது உலகெங்கும் பரவியது.

வெங்காயத்திலிருந்து தொடங்குவோம். சாம்பாருக்கு வாங்கும் சின்ன வெங்காயம் இதற்கு உதவாது. பல்லாரி என்று கடையில் கேட்டு வாங்கும் பெரிய வெங்காயத்தில், உருண்டையான, அழுத்தினால் கெட்டியாக இருக்கும், மேல்தோல் நன்கு காய்ந்தவற்றைப் பார்த்து எடுங்கள். புதிதாக வந்த ஈர வெங்காயத்தில் நீர் மிகுதி. முளை கிளம்பியதில் நடுப்பகுதி துவண்டிருக்கும். உரித்த வெங்காயத்தைக் குறுக்காக, சுண்டுவிரல் தடிமனுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். அதைவிட மெல்லியதாக வெட்டினால் மாவு சிவப்பதற்கு முன்பே வெங்காயம் குழைந்து நீர் விட்டுவிடும். அதைவிடத் தடிமனாக வெட்டினால் உள்ளே பச்சை வாடை நிற்கும்.

வட்டங்களை வளையம் வளையமாகப் பிரித்த பிறகு செய்யவேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத்தின் உட்புறத்திலிருந்து கண்ணாடித் தாள்போன்ற ஒரு மெல்லிய சவ்வை உரித்து, சாஃப்ரனின் சாயம் இட்டு, நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சவ்வுதான் இங்கே நமக்குத் தொல்லை தருவது. அது வழுவழுப்பாக இருப்பதால் மாவு அதில் பிடிப்பதில்லை. வேகும்போது அது எளிதில் அறுபடாமல் இழுபடுவதால்தான், கடிக்கும்போது வெங்காயம் முழுவதும் உருவிக்கொண்டு வருகிறது. வளையத்தின் உட்பக்க விளிம்பில் நகத்தால் லேசாகக் கீறினால் சவ்வு முழுதாகக் கழன்று வரும். இருபது வளையங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் பலன் அதிகம்.

சவ்வு நீக்கிய வளையங்களைக் குளிர்ந்த நீரிலோ நீர்மோரிலோ அரை மணி நேரம் ஊறவைத்தால் காரம் தணியும். தண்ணீர்தான் பகை என்று சொல்லிவிட்டு ஊறவைக்கச் சொல்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். ஊறவைப்பதில் தவறில்லை, ஊறியதைத் துடைக்காமல் விடுவதே தவறு. வடித்து, பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழ்ப் பத்து நிமிடம் விடுங்கள். முன்கூட்டியே உப்பு மட்டும் தூவி வைக்காதீர்கள். உப்பு வெங்காயத்தின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்து மேற்பரப்பைக் கசகசவென்று ஆக்கிவிடும்.

இனி மாவு. மூன்று பெரிய வெங்காயத்துக்கு மைதா 100 கிராம், நைசான பச்சரிசி மாவு 50 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி போதும். கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது சூப்பைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் வெண்மையான மாவை; மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு. மைதாவில் உள்ள புரதம் தண்ணீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் இழுவைத் தன்மையை உண்டாக்குகிறது. மாவு வெங்காயத்தைப் பற்றிக்கொள்ள அது கொஞ்சம் வேண்டும்; மிகுந்துவிட்டால் மேல்பகுதி ரப்பர்போல் ஆகிவிடும். அரிசி மாவிலும் கார்ன்ஃப்ளாரிலும் குளூட்டன் கிடையாது. அவை மைதாவின் இழுவையைக் குறைத்து, மேலோட்டைக் காய்ந்து நொறுங்கும்படி ஆக்குகின்றன. பஜ்ஜி மாவில் ஒரு கை அரிசி மாவையும் ஒரு கரண்டி காய்ச்சிய எண்ணெயையும் சேர்த்த நம் பாட்டிமார்கள் குளூட்டன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் மொறுமொறுப்புக்கு வழி எது என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது.

இந்த மாவைக் கரைக்கச் சாதாரண நீருக்குப் பதிலாக, குளிர்பெட்டியில் வைத்த இனிப்பில்லாத சோடாவைப் பயன்படுத்துங்கள். குளிர்ச்சி, குளூட்டன் வலுப்பெறுவதைத் தாமதப்படுத்துகிறது. சோடாவில் கரைந்திருக்கும் கரியமில வாயு, சூடான எண்ணெயில் பட்டவுடன் விரிந்து வெளியேறி, மாவில் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்கிறது. வெங்காயத்தின் நீராவிக்கும் அந்தத் துளைகளே வழியாகின்றன. முதலில் 200 மில்லிலிட்டர் ஊற்றி, பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்து, கரண்டியில் எடுத்தால் பின்புறம் சீராகப் படிந்து மெதுவாக வழியும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இட்லி மாவைப்போல அடித்துக் கலக்க வேண்டாம். ஓரிரு சிறு கட்டிகள் இருந்தால் கெடுதல் இல்லை. எண்ணெய் காய்ந்த பிறகே கரைக்க வேண்டும்; முன்னதாகவே கரைத்து வைத்தால் வாயு போய்விடும்.

தோய்ப்பதற்கு முன், ஒவ்வொரு வளையத்தையும் உலர்ந்த மைதாவில் புரட்டி, ஒட்டாத மாவை உதறிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஈரத்தை உலர்மாவு குடித்துக்கொள்வதோடு, கரைத்த மாவு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பையும் தருகிறது. பிறகு கரைசலில் தோய்த்து, ஒரு குச்சியில் மாட்டித் தூக்கி, மிகுதி மாவு வழிந்த பின் எண்ணெயில் இறக்குங்கள். சிலர் இதற்குமேல் ரொட்டித்தூளிலும் புரட்டுவார்கள். விருந்தினர் வரத் தாமதமாகும் நாள்களில் அது நல்லதுதான், மொறுமொறுப்பு கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் வெங்காயத்தின் இனிப்பை அது மறைத்துவிடுகிறது என்பதால் எனக்கு ரொட்டித்தூள் இல்லாத வளையமே பிடிக்கும்.

எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியில் தங்காமல், உடனே கருகாமல், நுரைத்தபடி மேலே எழும்பி வந்தால் அதுவே பதம். வளையத்தைப் போட்டவுடன் எழும் சலசலப்பு, 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் ஆவியாகி ஓடும் ஓசைதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் பெரிய அளவில் உள்ளே புக இயலாது. வாணலி நிறையப் போட்டால் சூடு தாழ்ந்து, ஆவியின் வேகம் குறைந்து, பண்டம் எண்ணெய் குடித்துவிடும். எனவே ஒரு முறைக்கு நான்கைந்து போதும். இரண்டு மூன்று நிமிடத்தில், ஒருமுறை திருப்பிவிட்டு, சலசலப்பு அடங்கத் தொடங்கும்போது எடுங்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல் காதாலும் கேளுங்கள். வானொலியில் பேசுகிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஓசை அடங்குவதுதான் நீர் வற்றியதற்கு நம்பகமான அடையாளம்.

எடுத்தவற்றைத் தாளின்மீது குவிக்காதீர்கள். அடியில் ஆவி சிக்கி, கீழ்ப்பக்கம் நனைந்துவிடும். கம்பி வலைமீது ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்து, சூடு ஆறுமுன் உப்பையோ மிளகுத்தூளையோ தூவுங்கள். நிறையப் பேருக்குச் செய்யும்போது, சற்றுக் குறைந்த சூட்டில் வெளிறிய நிறத்தில் ஒருமுறை பொரித்து வைத்துக்கொண்டு, பரிமாறும் வேளையில் நல்ல சூட்டில் அரை நிமிடம் மறுபடி போட்டெடுக்கலாம். இடைவேளையில் உள்ளிருந்து மேலே கசிந்த ஈரம் இரண்டாம் முறையில் போய்விடும்.

எண்ணெயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றுள் மொத்த முனைவுச் சேர்மங்கள் எனப்படுபவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் அதை அளக்க நம்மால் இயலாது. எனவே சிறிய வாணலியில் அளவாக ஊற்றுங்கள்; மாவுத் துகள்களை வடிகட்டுங்கள்; நிறம் கறுத்தாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ கொட்டிவிடத் தயங்காதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, கனமான மூடியால் மூடிவிட வேண்டும். குழந்தைகள் ஆசையோடு பக்கத்தில் வந்து நிற்கும் பண்டம் இது என்பதால், அவர்களை அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி நிற்க வையுங்கள்.

வளையமாகப் பிரிக்க முடியாத நடுக்குருத்துகளும், கொஞ்சம் மாவும் கடைசியில் எப்போதும் மிஞ்சும். அந்தக் குருத்துகளைப் பொடியாக நறுக்கி, கறிவேப்பிலையும் இரண்டு கை கடலைமாவும் சேர்த்து, மிஞ்சிய மாவிலேயே பிசிறி அதே எண்ணெயில் உதிர்த்துப் போடுங்கள். வளையங்கள் தீர்வதற்குள் பக்கோடாவும் தயாராகிவிடும்.

நன்றி. வணக்கம்.