சாவி வாங்கியதும் மீட்டரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. குடிமாறுவதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே அனுபவம் உண்டு. என் வேலை மாற்றம், கணவரின் வேலை மாற்றம், வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னது என்று இதுவரை 14 வீடுகள் பார்த்தாயிற்று. புது வீட்டில் கரண்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் இதையெல்லாம் எப்படிச் சரிசெய்துகொள்வது என்று பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கையும் பேசக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். "மீட்டர் கதையை ஆரம்பிச்சா உனக்கு நேரம் போறதே தெரியாதும்மா" என்று என் மகன் எச்சரித்துத்தான் அனுப்பினான். பார்ப்போம்.

சாவி கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கட்டிலை எந்தப் பக்கம் போடலாம், அலமாரி அந்த மூலையில் அடங்குமா என்று பார்க்கிறோம். வெளியே வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். மீட்டர் என்று ஒன்று இருப்பது முதல் பில் வரும்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் சொல்வது இதுதான்: சாமானை இறக்குவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள். கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர், குழாய் வழியாகக் கேஸ் வருகிறதென்றால் அந்த மீட்டரும்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஒன்பதாவது வீட்டில் நடந்தது அப்படி. எட்டு வீடுகள் கொண்ட கட்டடம். மாடிப்படிக்கு அடியில் எட்டு மீட்டரும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பெயின்ட்டில் எண். எங்கள் வீடு 5. நாங்கள் மூன்றே பேர், பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும். ஆனால் பில் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வருவது மாதிரி வந்தது.

நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் தெரியுமா? முதலில் ஃபிரிட்ஜ். பிறகு பல்புகள், எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு என் மகன். ஃபேனை அணைக்காமல் போகிறாய் என்று தினமும் அவனுக்கு அர்ச்சனை. கீழ்வீட்டுப் பெரியவர்கூட என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஆளே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பில்லாம்மா? வயரிங்கை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க" என்று அக்கறையாகச் சொன்னார். அவர் வீட்டில் ஏழு பேர், இரண்டு கீசர். அதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை 12 நாள் வெளியூர் போனோம். ஃபிரிட்ஜைக் காலி செய்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மீட்டரில் 140 யூனிட் கூடியிருக்கிறது! வீட்டில் ஆள் இல்லை, கரண்டே இல்லை, மீட்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

அன்று சாயங்காலமே மகனை மேலே நிறுத்திவிட்டு நான் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன். போனில் "அணைச்சியாடா?" என்றேன். "அணைச்சிட்டேம்மா" என்றான். என் எதிரே 5-ஆம் எண் மீட்டரின் சிவப்பு விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது. "மறுபடி போடு. அணை." அப்போதுதான் கவனித்தேன், பக்கத்து மீட்டரின் விளக்கு நின்று நின்று வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு 5-க்கு அடியில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், பழைய கறுப்புப் பெயின்ட்டில் வேறொரு எண் தெரிந்தது. எப்போதோ வீடுகளுக்கு எண் மாற்றியபோது யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். 11 மாதமாக அந்தப் பெரியவர் வீட்டுப் பில்லை நான் கட்டியிருக்கிறேன், என் பில்லை அவர் கட்டியிருக்கிறார்.

அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வியிலேயே நான் வாயடைத்துப் போனேன். "நீங்க குடிவந்த அன்னிக்கு ரெண்டு மீட்டர்லயும் ரீடிங் எவ்வளவு?" என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கடைசி மூன்று மாதத்துக்குத்தான் திருத்திக் கொடுத்தார்கள். பாக்கி எட்டு மாதத்துக்கு அந்தப் பெரியவர்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பில்களை எல்லாம் மாதவாரியாக கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். இரண்டு வீட்டுப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கழித்துக் கழித்து, வித்தியாசத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். எல்லாருக்கும் அப்படி அண்டைவீடு அமையுமா?

ஆகவே மீட்டரைப் பாருங்கள். முதல் நாளே போட்டோ எடுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். ரீடிங் மட்டும் இருந்தால் அது யாருடைய மீட்டரோ என்றாகிவிடும். காலி செய்து போகிறவரும் நீங்களும் அதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு நான் செய்ததுபோல மெயினை அணைத்து, மீட்டர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அது உங்கள் மீட்டர் இல்லை, அல்லது உங்கள் வயரில் வேறு யாரோ கரண்ட் எடுக்கிறார்கள்.

இன்னொரு சோதனை. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் 3200 இம்ப் அல்லது 1600 இம்ப் என்பது போல ஏதாவது போட்டிருக்கும். விளக்கு அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் சரியாக மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். 3200 என்று போட்ட மீட்டர் ஏறக்குறைய 160 தடவை மினுக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் செய்யாதீர்கள், அது சூடேறியதும் தானாக நின்று நின்று ஓடும், கணக்கு தப்பிவிடும். நான் தப்பாகச் செய்து, மீட்டரைத் திட்டியிருக்கிறேன். தட்டு சுழலுமே, அந்தப் பழைய மீட்டரானால் மினுக்குவதற்குப் பதில் சுற்றை எண்ண வேண்டும். அந்த வகை மீட்டரை 1889-இலேயே ஓட்டோ பிளாத்தி என்ற ஹங்கேரியப் பொறியாளர் செய்துகாட்டிவிட்டார். சரி, நான் மீட்டரிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். அங்கேயும் மீட்டர்தான்! ராத்திரி படுக்கும் முன் ரீடிங்கை எழுதிவையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். கூடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் டாய்லெட் ஃபிளஷ் டேங்க்மேல்தான். அதில் கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிட்டு, அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் சாயம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே வராது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும், குழந்தைகள் உட்பட. பழைய வால்வு இறுகிக் கிடந்தால் பலம் காட்டாதீர்கள், கையோடு உடைந்து வந்துவிடும். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் தேங்கிய தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் போலிருக்கிறது. கேஸைச் சொல்லாமல் போக முடியாது.

கேஸுக்குச் சொந்தமாக நமக்குத் தெரியும்படியான வாசனை கிடையாது. நாம் முகர்வது வேண்டுமென்றே கலக்கிற நாற்றம். 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், கசிந்த வாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து, பள்ளிக்கூடமே வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. ஆகவே புது வீட்டில் இணைப்புக் கொடுத்ததும் சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கூடவே கூடாது. நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து அங்கிருந்து போன் செய்யுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். குழாயில் வரும் இயற்கை வாயு மேலே ஏறும்.

இன்டர்நெட்டுக்கு ஒரு பக்கம் எழுதி வந்தேன், ஒரு வரிதான் சொல்ல முடிகிறது: குடிபோகும் தேதி தெரிந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள். இணைப்புகளைப் பெயர் மாற்றும்போது பழைய பாக்கி இல்லை என்ற ரசீதை... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம், நேயர்களே.