படலைக்கு வெளியே நிற்கும் அப்பா: பிள்ளையைப் பார்க்க நீதிமன்றக் கட்டளை எடுப்பது எப்படி?

[திரையில்: கல்லடிப் பக்கம் ஒரு ஒழுங்கை. பூட்டிய தகரப் படலை. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள்.]

"தம்பி, பிள்ள நித்திர. மறுகா வாங்களன்."

வணக்கம் உறவுகளே. இந்த வார்த்தையை ஒரு வருசத்துக்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. காலையில் போனாலும் பிள்ளை நித்திரை, பின்னேரம் போனாலும் நித்திரை. சொன்னவர் என் பழைய மாமி. அவரில் எனக்குக் கோபம் இல்லை. தன் மகள் அழுததைக் கண்ட தாய் அவர்.

ஆனால் அன்றைக்கு என் சட்டைப் பையில் நீதிமன்ற முத்திரை குத்திய கட்டளை இருந்தது. "தந்தை நியாயமான நேரங்களில் பிள்ளையைப் பார்வையிடலாம்" என்று அதில் எழுதியிருந்தது. அந்த நியாயமான நேரம் எது? எனக்கு ஞாயிறு பின்னேரம். மாமிக்கு அது பிள்ளை தூங்கும் நேரம். பொலிசுக்குப் போனேன். அவர்கள் கடதாசியை வாசித்துவிட்டு, "இதில நேரம் ஒண்டும் இல்லையே, நாங்க என்ன செய்யிற?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பிழையில்லை.

இந்த வீடியோ அதற்காகத்தான். இலங்கையில் விவாகரத்தான, அல்லது பிரிந்து வாழும் ஒரு அப்பா, தன் பிள்ளையைப் பார்க்க எப்படிக் கட்டளை கேட்பது, அதில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்று சொல்லப்போகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. இந்தப் பாதையில் நடந்தவன். உங்கள் வழக்குக்கு உங்கள் சட்டத்தரணி சொல்வதுதான் முடிவு.

[திரையில்: மட்டக்களப்பு வாவி, பாலம், பின்னால் நகரம்.]

முதலில் எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும், தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வளவுக்குள்ளேயே மாமா மாமி, பக்கத்து வளவில் மனைவியின் தங்கச்சி. வாழும்போது இது நல்ல ஏற்பாடு. பிள்ளை அம்மம்மாவின் மடியில் வளரும், தாய் வேலைக்குப் போகலாம். பிரிவு வந்தால் வீட்டை விட்டு இறங்குவது ஆண்தான். ஒரு பையில் உடுப்பு, அவ்வளவுதான். பிள்ளையின் கட்டில், புத்தகம், பள்ளிக்கூடம், கூட்டாளிமார் எல்லாம் அந்த வளவைச் சுற்றியே இருக்கும்.

ஆகவே "பிள்ளையை என்னிடம் தாருங்கள்" என்று கட்டுக்காவல் கேட்டு வழக்குப் போடும் எங்கள் பக்கத்து அப்பாமார் பலர் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள். சின்னப் பிள்ளை, தாயோடு நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் கிட்ட. அதைக் குலைக்க நீதிமன்றம் எளிதில் சம்மதிக்காது. கட்டுக்காவல் வேறு, பார்வையிடும் உரிமை வேறு. பிள்ளை யாரோடு வாழும் என்பது முதலாவது. மற்றப் பெற்றோர் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் பிள்ளையோடு இருப்பார் என்பது இரண்டாவது. நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதை என்றால் அதையே நேராகக் கேளுங்கள். தாயிடமிருந்து பிள்ளையைப் பறிக்க வந்தவன் என்ற பயம் அந்த வீட்டில் விழுந்துவிட்டால், பிறகு படலை திறக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு உரியது, எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் தமிழர்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான், அதன் அடியில் ரோமன் டச்சுச் சட்டம். அந்தப் பழைய சட்டத்தில், கலியாணம் நிலைத்திருக்கும்வரை பிள்ளை விடயத்தில் தகப்பனுக்கே முன்னுரிமை. இன்றைக்கு நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கின்றன. "நான் தகப்பன், எனக்கு உரிமை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பெற்றோரில் ஒருவரைப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்க உரிமை உண்டு என்கிறது, பிள்ளையின் நலனுக்கு அது கேடாக இல்லாதவரை. உரிமை பிள்ளையினுடையது. இதை என் சட்டத்தரணி விளங்கப்படுத்திய நாள் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. அதுவரை நான் மாமியோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

[திரையில்: கோவைக் கட்டு, முத்திரை, கையெழுத்து.]

எங்கே போவது? மாவட்ட நீதிமன்றத்துக்கு. எங்கள் பக்கம் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று இருக்கின்றன. எது உங்களுக்கு உரியது என்பது நீங்களும் மற்றவரும் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதே வழக்கில் இடைக்காலக் கட்டளை கேட்கலாம். தீர்ப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது. வழக்கு இரண்டு மூன்று வருசம் இழுபட்டால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது அரை வாழ்க்கை. தீர்ப்பு ஏற்கனவே வந்து அதில் பிள்ளையைப் பார்ப்பது பற்றி ஒன்றுமில்லை, அல்லது எனக்கு வந்ததைப்போல மொட்டையாக ஒரு வசனம் மட்டும் என்றால், அதே வழக்கிலக்கத்தில் திரும்பப் போகலாம். பிள்ளை பற்றிய கட்டளை கல்லில் வெட்டியது இல்லை. நிலைமை மாறினால் அதையும் மாற்றிக் கேட்கலாம்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு விடயம். விவாகரத்தும் தாபரிப்பும் (மனைவி, பிள்ளைக்குக் கட்டும் செலவுக் காசு) 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் நடக்கும். பிள்ளையின் கட்டுக்காவல் காதியாரின் அதிகாரத்துக்குள் வராது. அதற்கு நீங்களும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் மறைத்துவிட்டால் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனு, என்று ஒரு வழி உண்டு. அது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அல்லது மாகாண மேல் நீதிமன்றத்தில். அது கடைசி வழி. தொட்டதற்கெல்லாம் எடுக்காதீர்கள்.

காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைவு என்று காட்ட கிராம சேவகரின் கடிதம் கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தீர்ப்பு இருந்தால் அதன் பிரதி, தாபரிப்புக் கட்டிய பற்றுச்சீட்டுகள், இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

பற்றுச்சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. "பிள்ளையைக் காட்டாட்டி நான் ஏன் காசு கட்டோணும்?" என்று கேட்காத அப்பா இல்லை. நானும் கேட்டேன். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. தாபரிப்பு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் போகும் விடயம். கட்டாவிட்டால் மறியல் வரைக்கும் போகலாம். அதேபோல, காசு கட்டவில்லை என்பதற்காகத் தாய் தன் எண்ணத்துக்குப் பிள்ளையைக் காட்டாமல் விடவும் ஏலாது. ஆனாலும் நீதிபதிக்கு முன்னால் எட்டு மாதம் காசு கட்டாதவனாக நின்றுகொண்டு "என் பிள்ளையில் எனக்கு உயிர்" என்று சொல்லிப் பாருங்கள். மாதா மாதம் வங்கியில் போடுங்கள், துண்டை வையுங்கள். கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். மனைவிக்கு அடித்தவர், குடித்துவிட்டு வீட்டில் சன்னதம் ஆடியவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை இருக்கலாம். இருந்தால் அந்தப் படலைப் பக்கமே போகாதீர்கள். மூன்றாம் ஆள் ஒருவரின் முன்னிலையில் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அந்தத் தாயின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை நீங்கள்தான் நடத்தையால் ஆற்ற வேண்டும்.

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள். பேனா எழுதத் தொடங்குகிறது.]

சரி, இனி அந்தக் கட்டளைக்குள் என்ன இருக்க வேண்டும். இதில்தான் நான் ஒரு வருசத்தை இழந்தேன். அதனால் இதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

நாள். "மாதத்துக்கு இரண்டு முறை" என்று எழுதினால் எந்த இரண்டு என்று சண்டை வரும். "ஒவ்வொரு மாதமும் முதலாம், மூன்றாம் சனிக்கிழமைகள்" என்று எழுதக் கேளுங்கள். கேட்பதற்கு முன் பிள்ளையின் நேரசூசியைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சனி டியூஷன், ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. நான் முதலில் ஞாயிறு கேட்டேன். மற்றப் பக்கச் சட்டத்தரணி எழும்பி, "பிள்ளையின் அறநெறி வகுப்பைக் குழப்பப் பார்க்கிறார்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் என் பிள்ளை அறநெறிக்குப் போவதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வெட்கத்தை நீங்கள் பட வேண்டாம்.

நேரம். தொடங்கும் மணியும் முடியும் மணியும், "காலை 9 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை" என்று. நாலு மணி என்றால் நாலு மணிக்குத் திருப்பி ஒப்படையுங்கள். நாலரைக்கு ஒரு தடவை கொண்டுபோனால் அடுத்த தவணையில் அதுதான் பேச்சு.

இடம். கை மாற்றுவது மாமியின் முற்றத்தில் வேண்டாம். அங்கே எல்லாருக்கும் பழைய ஞாபகம் வரும், ஒரு வார்த்தை கூடிப்போகும், பிள்ளை நடுவில் நிற்கும். எனக்கு இப்போது காந்தி பூங்கா. வாவியோரம், ஆட்கள் நடமாடும் இடம், ஒருவரும் சத்தம் போடுவதில்லை. உங்கள் ஊரில் கோயில் வாசலாகவோ வாசிகசாலையாகவோ இருக்கட்டும். யார் கொண்டுவந்து விடுவது என்பதையும் பெயரோடு எழுதுவிக்கலாம்.

அதற்கு மேல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த நாள் பதிலுக்கு என்று ஒரு வசனம் கட்டாயம் தேவை. பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளி, பொங்கல், நத்தார், பெருநாள் எந்த வருசம் யாருக்கு, பிறந்த நாளில் எத்தனை மணி நேரம், இவற்றையும் போடுவிக்கலாம். கட்டாரில், சவூதியில் வேலை செய்யும் அப்பாமார் தொலைபேசி நேரத்தையும் விடுமுறைக்கு வரும் கிழமைகளையும் கேளுங்கள். "புதன் இரவு 7 மணிக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு" என்று ஒரு வரி இருந்தால், பிள்ளை அந்த நேரத்துக்கு உங்களை எதிர்பார்க்கப் பழகும்.

இரு பக்கமும் பேசி இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தால் அதையே நீதிமன்றத்தில் பதிவு செய்து கட்டளையாக்கலாம். வெளியே வாயால் பேசி முடித்ததைப் பிறகு யாரும் அமுல்படுத்த முடியாது.

இவ்வளவும் இருந்தும் படலை திறக்காவிட்டால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வழக்கை ஒரே நாளில் நீங்களே முடித்துவிடுவீர்கள், பிள்ளையைக் கடத்தினார் என்ற முறைப்பாடும் வரலாம். போனீர்கள், நின்றீர்கள், தரவில்லை என்பதைப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் பதியுங்கள். பதிவின் பிரதியோடு உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லும் விண்ணப்பம்) போட்டு நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவருவார். நேரமும் இடமும் எழுதிய கட்டளையை வேண்டுமென்றே மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம். பிள்ளைக்கே ஏதும் ஆபத்து என்று உண்மையாகப் பயந்தால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இலக்கத்துக்கு அழையுங்கள். பழி வாங்க அந்த இலக்கத்தை எடுக்காதீர்கள்.

[திரையில்: ஒரு சிறிய அறை. மேசை, மூன்று கதிரை.]

கடைசியாக, எனக்கு அதிகம் வரும் கேள்வி. பிள்ளையே வர மாட்டேன் என்றால் என்ன செய்வது?

நான் திரும்ப நீதிமன்றம் போனபோது மகளுக்கு ஆறு வயது. ஒரு வருசத்துக்கு மேல் என்னை ஒழுங்காகக் காணவில்லை. நீதிபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகக் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. வெளியே வந்து, முதல் சில சந்திப்புகள் குடும்ப ஆலோசகரின் அறையில் நடக்கட்டும் என்றார். எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. என் பிள்ளையைப் பார்க்க இன்னொருவர் காவலா?

முதல் நாள் பெரிய பொம்மை ஒன்று வாங்கிப் போனேன். அவள் அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மையைத் தொடவே இல்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். ஆலோசகர் அம்மா என்னைப் பார்த்து, "கேள்வி கேக்காதீங்க. சும்மா இருங்க" என்றார்.

மூன்றாம் நாள் பொம்மை கொண்டு போகவில்லை. வழியில் கோது உடைக்காத கச்சான் ஒரு சுருள் வாங்கினேன். மேசையில் வைத்து நான்பாட்டுக்கு உடைக்கத் தொடங்கினேன். ஒரு கோதுக்குள் இரண்டு பருப்பு, அடுத்ததில் இரண்டு, பிறகு ஒன்றில் மூன்று. மூன்றாவதைக் கண்டதும் அவள் கை நீண்டது. அதற்குப் பிறகு அவளே உடைத்தாள், மூன்று பருப்பு வருவதை மட்டும் தனியாக அடுக்கினாள். போகும் நேரம் வந்தபோது, "அப்பா, இதில ஏழு இருக்கு" என்றாள்.

ஆலோசகர் அதைத் தன் அறிக்கையில் ஒரு வரியாக எழுதினார், பிள்ளை தானாகத் தந்தையோடு கதைத்தது என்று. அடுத்த தவணையில் நீதிபதி அந்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் பூங்காவையும், முதலாம் மூன்றாம் சனிக்கிழமைகளையும், 9 மணியையும் 4 மணியையும் கட்டளையில் எழுதுவித்தார்.